கோர்ட் கவர் வந்தால்: குடும்ப வழக்குக் காகிதத்தைப் படிக்கும் முறை

கோர்ட் கவர் கைக்கு வந்ததும் முக்கால்வாசிப் பேர் நேராகக் கடைசிப் பக்கத்துக்குத்தான் போவார்கள். எவ்வளவு பணம் கேட்டிருக்கிறார்கள், என்னைப் பற்றி என்னென்ன அசிங்கமாக எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கிற அவசரம். படித்துவிட்டு ராத்திரியெல்லாம் அழுவார்கள். முதல் பக்கத்தின் மேல் பாதியை மட்டும் யாரும் படிப்பதில்லை. அவசரமாகத் தெரிய வேண்டிய விஷயமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

நான் வக்கீல் இல்லை. வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்துக்குப் பக்கத்தில் ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப்ரைட்டர் காலத்தில் ஆரம்பித்த கை, இப்போது கம்ப்யூட்டரில் ஓடுகிறது. குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கமிருந்து வருகிறவர்கள் ஜெராக்ஸுக்குக் காகிதத்தை நீட்டும்போதே கேட்பார்கள்: "யக்கா, இது இன்னா பேப்பருக்கா?" வழக்கில் என்ன வாதாடலாம் என்று நான் சொல்ல மாட்டேன், அது வக்கீல் வேலை. ஆனால் இந்தக் காகிதம் உங்களை எங்கே கூப்பிடுகிறது, எந்தக் கெடுவுக்குள் என்ன செய்யச் சொல்கிறது, செய்யாவிட்டால் எது கைவிட்டுப் போகும் என்பதைச் சொல்ல முடியும். குடும்ப வழக்கில் வரும் சொற்களை இந்தக் கண்ணோடு படித்தால் போதும். சட்டக் கல்லூரிக்குப் போகத் தேவையில்லை.

முதல் பக்கத்தின் மேல் பாதி

முதல் வரியில் கோர்ட்டின் பெயர் இருக்கும். வேலூர் குடும்ப நல நீதிமன்றமா, வேறு ஊர் சார்பு நீதிமன்றமா, குற்றவியல் நடுவர் நீதிமன்றமா என்று பாருங்கள். 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்கு. இன்னும் பழைய நினைப்பில் எல்லாவற்றுக்கும் வேலூர் பஸ் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த வரியில் வழக்கு எண். எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்துகள் பஸ்ஸின் நெற்றியில் மாட்டிய போர்டு மாதிரி. அதைப் படித்தால் வண்டி எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். எச்.எம்.ஓ.பி. என்றால் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் போட்ட மனு. விவாகரத்தாகவும் இருக்கலாம், சேர்ந்து வாழக் கேட்பதாகவும் இருக்கலாம். ஐ.டி.ஓ.பி. கிறிஸ்தவர்களின் விவாகரத்து மனு. எம்.சி. என்றால் ஜீவனாம்ச வழக்கு. ஜி.டபிள்யூ.ஓ.பி. குழந்தை சம்பந்தப்பட்டது. டி.வி.சி. குடும்ப வன்முறை. ஐ.ஏ. என்று தொடங்கினால் அது தனி வழக்கு இல்லை, ஓடிக்கொண்டிருக்கும் வழக்குக்குள் போட்ட இடைக்கால மனு. ஈ.பி. என்றால் தீர்ப்பு ஏற்கெனவே வந்துவிட்டது, அதை அமல்படுத்தக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். ஈ.பி. நோட்டீஸை வைத்துக்கொண்டு, "கேஸ் இப்பதான் ஆரம்பிக்குது போல" என்று நிதானமாக உட்கார்ந்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

வழக்கு போட்டவர் மனுதாரர், யார் மேல் போட்டார்களோ அவர் எதிர்மனுதாரர். எதிர்மனுதாரர் என்று பெயர் வந்ததாலேயே நீங்கள் குற்றவாளி ஆகிவிடவில்லை. நம் ஊரில் இதற்கே பல அம்மாக்கள் உடைந்துபோகிறார்கள்.

அதற்குக் கீழே வாய்தா தேதி. அந்தத் தேதியை வீட்டுக் காலண்டரில் வட்டம் போடுங்கள். செல்போனில் இ-கோர்ட்ஸ் செயலி இருந்தால், வழக்குக்குக் கொடுத்திருக்கும் 16 எழுத்து சி.என்.ஆர். எண்ணைப் போட்டு அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று நீங்களே பார்க்கலாம். வக்கீலுக்குப் போன் போட்டு, எடுக்கவில்லையே என்று மனசு வேகிற வேலை பாதி குறையும்.

வக்கீல் நோட்டீஸ் வேறு, சம்மன் வேறு. வக்கீல் நோட்டீஸில் வழக்கு எண் இருக்காது. எதிர்த் தரப்பு வக்கீல் தன் லெட்டர்பேடில் எழுதி அனுப்புவது அது. பதில் கொடுப்பது நல்லது, ஆனால் அதற்குக் கோர்ட்டில் போய் நிற்க வேண்டியதில்லை. சம்மன் கோர்ட் முத்திரையோடு வரும். கோர்ட் ஊழியரான அமீனா கொண்டுவருவார், அல்லது தபாலில் வரும்.

வாங்காமல் விட்டால் தப்பிக்கலாமா?

கடையில் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். "போஸ்ட்மேன்கிட்ட வாங்க மாட்டேன்னு சொல்லிட்டேன்க்கா" என்று பெருமையாகச் சொல்வார்கள். தபாலில் 'வாங்க மறுத்தார்' என்று எழுதித் திருப்பினால், சம்மன் உங்களுக்குச் சேர்ந்துவிட்டதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். இதைத்தான் 'சார்பு ஆனது' என்று எழுதுவார்கள். ஆள் வீட்டில் கிடைக்கவே இல்லை என்றால் கதவில் ஒட்டலாம். அதுவும் நடக்காவிட்டால் கோர்ட் அனுமதியோடு செய்தித்தாளில் விளம்பரம் போடலாம். பேப்பரின் உள்பக்க மூலையில், பொடி எழுத்தில் வரும் அந்த விளம்பரத்தை உங்கள் தெருவில் யாருமே படித்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் சட்டப்படி நீங்கள் படித்தாயிற்று.

அதன் பிறகும் வராவிட்டால் உங்களை எக்ஸ்பார்ட்டி ஆக்குவார்கள். ஒருதலைப்பட்சத் தீர்ப்பு என்று தமிழில் எழுதுவது இதைத்தான். எதிர்த் தரப்பு சொன்னதை மட்டும் கேட்டுத் தீர்ப்பு வரும். பெங்களூரில் வேலைபார்க்கும் கணவர் அங்கே வழக்குப் போட்டு, இங்கே காட்பாடியில் இருக்கும் மனைவிக்கு விவாகரத்து ஆன செய்தி சொந்தக்காரர் கல்யாணத்தில் தெரியவரும் கதைகள் இப்படித்தான் உண்டாகின்றன.

இந்த எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை நீக்கக் கேட்க வழி இருக்கிறது. செட் அசைட் மனு என்பார்கள். தீர்ப்பாணை வந்த நாளிலிருந்து 30 நாள் கெடு. சம்மன் முறையாக உங்களுக்குச் சேரவே இல்லை என்றால், தீர்ப்பு உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். கெடு தாண்டியிருந்தால் கூடவே தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனுவும் போட வேண்டும். அதில் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் கேட்பார்கள். மஞ்சள்காமாலை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஆஸ்பத்திரி சீட்டு இல்லாத மஞ்சள்காமாலையை நம்ப ஆளில்லை.

வழக்கு தூர ஊரில் போடப்பட்டிருந்தால், வராமல் இருப்பதற்குப் பதில் டிரான்ஸ்ஃபர் மனு போடலாம். தமிழ்நாட்டுக்குள் வேறு மாவட்டத்திலிருந்து மாற்ற சென்னை உயர் நீதிமன்றம். கர்நாடகாவிலோ ஆந்திராவிலோ இருந்து மாற்ற டில்லியில் உச்ச நீதிமன்றம். நம் பக்கம் இது அடிக்கடி தேவைப்படும், ஏனென்றால் கல்யாணம் நடந்த ஊர்க் கோர்ட்டுக்கும் வழக்கை விசாரிக்க அதிகாரம் உண்டு. வேலூர்க்காரர்களில் எத்தனை பேர் திருப்பதியில் தாலி கட்டியிருக்கிறார்கள்! கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்மனுதாரர் இருக்கும் ஊர் ஆகியவற்றிலும் போடலாம். 2003-ல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, மனைவி மனுப் போட்டால் அவர் இப்போது இருக்கும் ஊரிலேயே போடலாம். பிறந்த வீட்டுக்குத் திரும்பிவந்த பெண்ணுக்கு இது பெரிய சலுகை. கேட்டு வாங்குங்கள்.

"சேர்ந்து வாழ வா" என்று வரும் மனு

இதற்கு மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன். இந்து திருமணச் சட்டம் 9-ஆம் பிரிவு என்று போட்டு, 'தாம்பத்திய உரிமையை மீட்டுத் தரக் கோரும் மனு' வரும். படித்ததும் பெண் வீட்டில் மனசு இளகும். "பரவால்ல, மாப்ள கூப்புடறாரு" என்பார் அப்பா. உண்மையாகவே கூப்பிடும் கணவர்கள் இருக்கிறார்கள். அந்த மனுவால் சேர்ந்து போனவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் நிறைய நேரம், மனைவி ஜீவனாம்சம் கேட்ட அடுத்த மாதம்தான் இந்த மனு டைப்புக்கு வருகிறது. அந்த வரிசையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்றால்: நீங்கள் வராமல் விட்டு எக்ஸ்பார்ட்டியாகத் தீர்ப்பு ஆகிவிட்டால், அந்தத் தீர்ப்புக்குப் பிறகு 1 வருடம் சேர்ந்து வாழாதிருந்தாலே அது விவாகரத்துக்கு ஒரு காரணம் ஆகிவிடும். கொடுமை நடந்தது என்றெல்லாம் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆகவே 9-ஆம் பிரிவு என்று கண்ணில் பட்டால் கட்டாயம் போய் எதிருரை தாக்கல் செய்யுங்கள். நான் ஏன் பிரிந்து இருக்கிறேன், என்ன நடந்தது, திரும்பிப் போக என்ன உத்தரவாதம் வேண்டும் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். அப்படி ஒரு தீர்ப்பு உங்களுக்கு எதிராக ஏற்கெனவே வந்திருந்தாலும் ஜீவனாம்சம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். போகாமல் இருந்ததற்கு நியாயமான காரணம் இருந்தால் மனைவி ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எதிருரையைக் கடையில் 'கவுன்டர்' என்றே சொல்வோம். மனுவில் பத்தி பத்தியாகச் சொன்னதற்குப் பத்தி பத்தியாகப் பதில். ஒரு குற்றச்சாட்டை மறுக்காமல் விட்டால் ஒப்புக்கொண்டதாகப் பேச இடம் கொடுக்கும். டைப் செய்து வந்ததும் முழுக்கப் படித்துக் கையெழுத்துப் போடுங்கள். தமிழில் படித்துக் காட்டச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. வக்காலத்து என்பது வக்கீலுக்கு நீங்கள் கொடுக்கும் அதிகாரக் காகிதம், அதில் கையெழுத்துப் போடத்தான் வேண்டும். அதோடு சேர்த்து வெற்று வெள்ளைத்தாளில் யாராவது கையெழுத்துக் கேட்டால் மட்டும் கையை இழுத்துக்கொள்ளுங்கள்.

விவாகரத்துக்குக் காரணங்கள்

ஒருவர் மட்டும் கேட்கும் விவாகரத்துக்கு இந்து திருமணச் சட்டம் 13-ஆம் பிரிவு. கொடுமை, வேறு உறவு, 2 வருடம் கைவிட்டுப் போனது, மதம் மாறியது, தீராத மனநோய், 7 வருடம் ஆளே உயிரோடு இருப்பதாகத் தகவல் இல்லாதது என்று காரணங்கள் உண்டு. தொழுநோயும் ஒரு காரணமாக 2019 வரை இருந்தது. கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில், மருந்தால் குணமாகும் வியாதி என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் அந்த வரி சட்டப் புத்தகத்தில் உட்கார்ந்திருந்தது. இப்போது எடுத்துவிட்டார்கள்.

கொடுமை என்பதில் அடி உதை மட்டும் இல்லை, மனக்கொடுமையும் சேரும். ஆனால் கோர்ட்டுக்குச் சாட்சியம் வேண்டும். அடிபட்டு அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால், அங்கே போட்ட ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். டாக்டரிடம் "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லியிருந்தால் அதுவேதான் பதிவில் இருக்கும்.

கல்யாணமாகி 1 வருடத்துக்குள் விவாகரத்து மனு போட முடியாது. அசாதாரணமான கஷ்டம் என்று காட்டித் தனி அனுமதி வாங்கினால்தான் உண்டு. 'இனி ஒட்டவே ஒட்டாது' என்பது மட்டும் நம் குடும்ப நல நீதிமன்றத்தில் காரணம் ஆகாது. அந்தக் காரணத்தால் பிரித்துவைக்கும் அதிகாரத்தை உச்ச நீதிமன்றம் தன் கையில் வைத்திருக்கிறது. 2023-ல் அதைத் தெளிவாகவும் சொல்லிவிட்டது.

நீதிமுறைப் பிரிவு என்றால் கோர்ட் உத்தரவோடு தனித்தனியாக இருப்பது. கல்யாணம் அப்படியே இருக்கும், மறுமணம் செய்ய முடியாது. செல்லாத் திருமணம் வேறு. முதல் மனைவி உயிரோடு இருக்க, விவாகரத்தும் ஆகாமல் கட்டிய இரண்டாவது தாலி அந்த வகை. அதில் பிறந்த குழந்தைக்குச் சட்டப்படியான பிள்ளை என்ற அந்தஸ்து உண்டு, ஜீவனாம்சமும் உண்டு. "தாய்மாமனைக் கட்டினது செல்லாதாமே?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். சாதியிலோ குடும்பத்திலோ வழக்கமாக இருந்தால் சட்டம் அதை ஏற்கிறது. நம் ஜில்லாவில் அந்த வழக்கத்துக்குச் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை.

இருவரும் ஒத்துப் பிரிவது

மியூச்சுவல் என்று எல்லோரும் சொல்வது 13-பி பிரிவு. 1 வருடமாவது பிரிந்து இருந்திருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து ஒரே மனு போடுவீர்கள். அதன் பிறகு 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் மறுபடி இருவரும் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். அந்த 6 மாதத்தைச் சூழ்நிலை பார்த்துத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கும் தனியாக மனு போட வேண்டும், தானாகக் கிடைக்காது. தீர்ப்பு வருவதற்கு முந்தின நாள்கூட ஒருவர் சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

இந்த மனுவில் எல்லோரும் பணத்தொகையைப் பார்ப்பார்கள். நான் பார்க்கச் சொல்வது அதற்கு அடுத்த வரி: 'இனி எக்காலத்திலும் எவ்வித உரிமையும் கோரமாட்டேன்'. நிரந்தர ஜீவனாம்சம், நகை, சீர் சாமான், குடியிருக்கும் வீடு எல்லாம் அந்த ஒற்றை வரிக்குள் அடங்கும். பணம் எப்போது கைக்கு வரும் என்று பாருங்கள். முழுத்தொகையும் இரண்டாவது சம்மதத்துக்கு முன் டி.டி.யாக வருகிறதா, அல்லது பிறகு தருவதாக வாய்வார்த்தையா? குழந்தையின் ஜீவனாம்சத்தை அம்மா எழுதிக் கொடுத்து விட்டுவிட முடியாது, அது குழந்தையின் உரிமை. அப்படி எழுதச் சொன்னால் வக்கீலிடம் சண்டை போடுங்கள்.

சாப்பாட்டுக்கான சொற்கள்

ஜீவனாம்சம் கேட்க ஒரே ஒரு வழிதான் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். வழிகள் பல உண்டு. விவாகரத்து வழக்கு நடக்கும்போதே கேட்பது இடைக்கால ஜீவனாம்சம், இந்து திருமணச் சட்டம் 24-ஆம் பிரிவு. வழக்குச் செலவும் இதில் கேட்கலாம். தீர்ப்போடு கேட்பது நிரந்தர ஜீவனாம்சம், 25-ஆம் பிரிவு. இந்த இரண்டையும் வருமானமில்லாத கணவரும் கேட்கலாம். விவாகரத்து வழக்கே இல்லாமல், எந்த மதமானாலும் கேட்கக்கூடியது எம்.சி. பழைய காகிதத்தில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆம் பிரிவு என்று இருக்கும். 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 144-ஆம் பிரிவு. எண் மாறியதே தவிர விஷயம் மாறவில்லை. விவாகரத்து ஆகி மறுமணம் செய்யாத மனைவியும், மைனர் குழந்தைகளும், வயதான தாய் தகப்பனும் இதில் கேட்கலாம். விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் இதே வழியில் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது.

2020-லிருந்து இரு தரப்பும் சொத்து, கடன், வருமான விவரப் பிரமாண வாக்குமூலம் கொடுக்க வேண்டும். பாரம் நீளமாக இருக்கும். சலித்துக்கொள்ளாமல் நிரப்புங்கள். அவர் பாரத்தில் எழுதியதையும் அவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்த புது பைக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதுதான் வாய்ப்பு. குடியாத்தத்தில் பீடி சுற்றும் ஒரு பெண்ணிடம், "உனக்குத்தான் சம்பாத்தியம் இருக்கே" என்று குறுக்கு விசாரணையில் கேட்டார்களாம். கடைக்கு வந்து அழுதார். கொஞ்சம் சம்பாதிக்கிறார் என்பதாலேயே ஜீவனாம்சம் மறுக்கப்படாது. அந்த வருமானத்தைக் கழித்துப் பார்ப்பார்கள், அவ்வளவே. மறைத்தால்தான் ஆபத்து.

உத்தரவு வந்தும் பணம் வராவிட்டால்? பாக்கியை வசூலிக்க மனு போட வேண்டும். எம்.சி. உத்தரவில் இங்கே ஒரு கெடு இருக்கிறது: ஒவ்வொரு மாதத் தொகையும் பாக்கியான நாளிலிருந்து 1 வருடத்துக்குள் கேட்க வேண்டும். "மொத்தமா சேரட்டும், ஒரேடியா வாங்கிக்கலாம்" என்று மூன்று வருடம் காத்திருந்தால், பழைய மாதங்களுக்கு வாரண்ட் கேட்க முடியாமல் போகும். வேண்டுமென்றே கட்டாதவரை மாதப் பாக்கிக்கு 1 மாதம் வரை சிறையில் வைக்கலாம். ஜீவனாம்சம் எந்தத் தேதியிலிருந்து என்று உத்தரவில் பாருங்கள். மனு போட்ட நாளிலிருந்து கொடுக்க வேண்டும் என்பதுதான் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை.

கணியம்பாடி, கம்மவான்பேட்டை பக்கம் பட்டாளத்துக் குடும்பங்கள் அதிகம் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். கணவர் ராணுவத்தில் இருந்தால், மனைவி படைப்பிரிவு மேலதிகாரிக்கே மனு எழுதலாம். ராணுவச் சட்டப்படி சம்பளத்தில் ஜீவனாம்சம் பிடித்து அனுப்ப வழி உண்டு.

ஸ்டேஷன், நடுவர் கோர்ட்

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் முதலில் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது. புகாரை வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். என்பது வழக்குப் பதிவு. குடும்பத் தகராறில் எஃப்.ஐ.ஆருக்கு முன் விசாரித்துப் பார்க்கலாம் என்று 2013 தீர்ப்பு இடம் கொடுக்கிறது, அதனால்தான் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுகிறார்கள். கணவரும் அவர் வீட்டாரும் செய்யும் கொடுமைக்கான பழைய தண்டனைச் சட்டத்தின் 498-ஏ பிரிவு, இப்போது புதிய நியாய சன்ஹிதாவில் 85, 86. அதில் பெயர் வந்தாலே உடனே கைது என்பதும் இல்லை. 2014-லிருந்து ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுப்பதே வழக்கமான முறை.

டி.வி.சி. வேறு. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் நடுவர் கோர்ட்டில் போடுவது. ஜெயிலுக்கு அனுப்புவதைவிட, இப்போது வேண்டியதை வாங்கிக் கொடுப்பதுதான் அதன் வேலை. பாதுகாப்பு உத்தரவு என்றால் அடிக்கக் கூடாது, அலுவலகத்துக்கு வந்து கத்தக் கூடாது என்பது. மீறினால் அது குற்றம். குடியிருப்பு உத்தரவு என்றால் வீட்டைவிட்டுத் துரத்தக் கூடாது என்பது. வீடு மாமியார் பெயரில் இருக்கிறதே என்றால், நீங்கள் மருமகளாக வாழ்ந்த வீடு மாமனார் மாமியார் பெயரில் இருந்தாலும் 'பகிர்ந்து வாழ்ந்த இல்லம்' ஆகலாம் என்று 2020-ல் தீர்ப்பு வந்திருக்கிறது. அவசரத்துக்கு 181 எண்ணில் பெண்கள் உதவி மையம்.

சீதனம் என்று கோர்ட்டில் எழுதுவது உங்கள் அம்மா வீட்டார் உங்களுக்குப் போட்ட நகை, சாமான், உங்களுக்கு வந்த பரிசுகள். அது உங்கள் சொத்து, வைத்திருப்பவர் காவலாளி மட்டுமே. கல்யாண மண்டபத்தில் தட்டு வரிசையாக வைத்து வீடியோ எடுத்தோமே, அதுவும் நகைக்கடை ரசீதும்தான் இங்கே பேசும்.

பிள்ளைகள்

கஸ்டடி என்பது குழந்தை யாரோடு இருக்கும் என்பது. கார்டியன் என்பது சட்டப்படி பொறுப்பாளர் யார் என்பது. குழந்தை அம்மாவிடம் இருந்தும் அப்பா கார்டியனாக இருக்கலாம். 5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தை சாதாரணமாக அம்மாவிடம். அதற்கு மேல் குழந்தையின் நலன் ஒன்றுதான் அளவுகோல். விவரம் தெரிந்த பிள்ளையானால் நீதிபதி தனியாக அழைத்துக் கேட்பார். ஜி.டபிள்யூ.ஓ.பி. மனுவைக் குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரில்தான் போட வேண்டும். பார்வை உரிமை, அதாவது குழந்தையை வந்து பார்க்கும் உரிமை கிடைத்த அப்பாவிடம் குழந்தையைக் காட்டாமல் இழுத்தடிக்காதீர்கள். அது உங்கள் மேலேயே திரும்பும். பத்து நிமிஷம் பார்க்கக் கோர்ட்டுக்கு வந்து, கையில் லேஸ் பாக்கெட்டோடு சாயங்காலம் வரை நின்றுவிட்டுப் போன ஆண்களையும் இந்தக் கடை வாசலில் பார்த்திருக்கிறேன்.

விவாகரத்து ஆகாத விவாகரத்துகள்

ஊர்ப் பெரியவர்கள் முன்னால் 'அத்துவிட்டு' நூறு ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக்கொண்டு வருவார்கள், டைப் பண்ணித் தரச் சொல்லி. நான் செய்வதில்லை. சாதி வழக்கப்படியான மணமுறிவைச் சட்டம் முழுக்க ஒதுக்கவில்லை. ஆனால் அந்த வழக்கம் காலங்காலமாக இருந்தது என்று கோர்ட்டில் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும், அது லேசில் நடக்காது. அந்தப் பத்திரத்தை நம்பி மறுமணம் செய்தால் இருதார மணக் குற்றம், 7 வருடம் வரை தண்டனை. சார்பதிவாளர் ஆபீசில் கல்யாணத்தைப் பதிந்தவர்கள் அங்கேயே போய் ரத்து கேட்பதும் நடக்கிறது. அங்கே ஆகாது. தாசில்தார் தரும் 'கணவரால் கைவிடப்பட்டவர்' சான்றிதழ் உதவித்தொகைக்கு உதவும், விவாகரத்து ஆகாது.

மேல்விஷாரம், பேரணாம்பட்டுப் பக்கத்துச் சகோதரிகள் ஜமாத் கடிதத்தோடு வருவார்கள். ஒரே மூச்சில் மூன்று முறை சொல்லும் தலாக் 2017-ல் செல்லாது ஆனது, 2019 சட்டப்படி சொல்பவருக்கு 3 வருடம் வரை சிறை. மனைவி கேட்டுப் பெறும் குலாவைத் தனியார் அமைப்பு சான்றிதழாகக் கொடுத்தால் செல்லாது, குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2 வருடம் செலவுக்குக் கொடுக்காதது, 4 வருடம் இருப்பிடமே தெரியாதது போன்ற காரணங்களுக்கு 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனைவியே வழக்குப் போடலாம். நிக்காஹ்வின்போது கணவர் மனைவிக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட மஹர் பாக்கி இருந்தால் அதையும் கேளுங்கள். கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டுச் சட்டம். ஒத்துப் பிரிவதற்கு அதில் எழுதியிருக்கும் பிரிவுக் காலம் 2 வருடம். சபை கொடுக்கும் ரத்து சபைக்குள்தான் செல்லும்.

தீர்ப்புக்குப் பிறகு

நீதிபதி காரணங்களோடு எழுதுவது தீர்ப்புரை. முடிவை மட்டும் சுருக்கி வரும் தாள் தீர்ப்பாணை. இரண்டுக்கும் நகல் மனு போட்டு, முத்திரை வைத்த சான்றிட்ட நகல் வாங்குங்கள். அன்றைக்கே மறுமணத்துக்கு நாள் பார்க்க வேண்டாம். மேல்முறையீட்டுக் காலம் முடிந்திருக்க வேண்டும், மேல்முறையீடு போட்டிருந்தால் அது தள்ளுபடி ஆகியிருக்க வேண்டும். அதுவும் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பானால் இன்னும் ஜாக்கிரதை. எதிர்த் தரப்பு செட் அசைட் மனுவோடு வந்து நின்றால், புதுக் கல்யாணம் தொங்கலில் நிற்கும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவானாலும் இலவச வக்கீல் உண்டு; இதில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்ணும் அடக்கம். போன் எண் 15100. போகும்போது கல்யாணப் பத்திரிகை, கல்யாண போட்டோ, ஆதார், ரேஷன் கார்டு, குழந்தையின் பிறப்புச் சான்று, வந்த கவர்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். கவரைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளே இருந்த தாளை மட்டும் கொண்டுவருகிறார்கள். தபால் முத்திரைத் தேதி கவரின் மேல்தான் இருக்கிறது, காகிதம் எப்போது வந்தது என்று காட்ட அதுதான் உதவும்.